கோயிலடியில் உட்காரும் முன்: மலையகச் சமயக் கள ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழக ஆய்வேடு, கல்வியியற் கல்லூரி ஒப்படை, உயர்தர வகுப்புச் செயற்றிட்டம் என்று எதற்காக வந்தாலும், இலங்கையின் மலையகத்துச் சமயங்களைப் பற்றி எழுத வரும் மாணவர் பலர் ஒரே மாதிரித்தான் வருகிறார்கள். திருவிழா அன்று வந்து இறங்குவார்கள். கோயில் கமிட்டித் தலைவரிடம் அரை மணி நேரம் பேசுவார்கள். தேரையும் காவடியையும் படம் எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் திருவிழா நோட்டீஸில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் விஷயமே திரும்ப வரும். செவ்வாயும் வெள்ளியும் விடாமல் அந்தக் கோயிலைக் கூட்டி விளக்கேற்றும் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியை எழுத என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

தலைப்பைச் சுருக்குதல்

“மலையக மக்களின் சமய வாழ்வு” என்று தலைப்பு வைத்தால் ஒரு மாணவரால் முடிக்க முடியாது. ஒரு தேயிலைத் தோட்டம்கூடப் பெரிதுதான். தோட்டத்தின் உட்பிரிவான ஒரு டிவிசனை எடுங்கள். நகரமானால் ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பான மஹல்லாவையோ ஒரு சபையையோ எடுங்கள். டிவிசனுக்கு டிவிசன் கோயில், கமிட்டி, திருவிழா நாள், வரி எல்லாம் வேறுபடும். மேல் டிவிசனில் கேட்டதைக் கீழ் டிவிசனுக்கும் பொருத்தி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கேள்வி, கண்ணால் பார்த்தோ எண்ணியோ கேட்டோ விடை காணக்கூடியதாக இருக்க வேண்டும். சில மாதிரிகள்: மரத்தடியில் சூலமும் கல்லுமாக இருந்த முனியாண்டிக்குக் கட்டடம் எழும்பிய பிறகு பூசை யார் கைக்குப் போனது? ஒரே லயத்தில் (தொழிலாளரின் தொடர்வீட்டு வரிசையில்) மாரியம்மனைக் கும்பிடும் வீடும் பெந்தகொஸ்தே சபைக்குப் போகும் வீடும் சாவு வீட்டுச் சடங்கில் எதைச் சேர்ந்து செய்கின்றன, எதில் விலகி நிற்கின்றன? கொழும்புக் கடைகளில் வேலைபார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் காசு திருவிழாவில் எதை மாற்றியது? விகாரை வளவுக்குள் இருக்கும், சிங்களவர் பத்தினி என்று வணங்கும் கண்ணகியின் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தோட்டத் தமிழர் எந்த நேர்த்திக்காகப் போகிறார்கள்?

தொழிலோடு ஒட்டிய தெய்வங்களைத் தேடிப் பார்க்கும்படி தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையில் பூசை வாங்கும் கவ்வாத்துச் சாமி, தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி ஆகியவை இந்த மண்ணிலேயே உருவான வழிபாடுகள். பெரிய கோபுரங்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. இவற்றுக்குப் பூசை செய்து பழகியவர்களோ வயதாகிக்கொண்டு போகிறார்கள். ஆய்வுக்கு இதைவிட அவசரமான பொருள் மலையகத்தில் அதிகம் இல்லை.

அனுமதி: யாரிடம், எந்த வரிசையில்

முதலில் உங்கள் துறைத் தலைவரோ அதிபரோ கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, தோட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்று. பெயர், மாணவர் இலக்கம், தலைப்பு, எத்தனை நாள், எதற்குப் பயன்படும், மேற்பார்வையாளரின் தொலைபேசி இலக்கம் ஆகிய ஆறும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். பத்துப் பிரதி கொண்டுபோங்கள். பார்க்கிறவர் எல்லாரும் ஒன்றை வைத்துக்கொள்வார்கள்.

தோட்டத்தில் முதலில் அலுவலகம். தோட்டத்துக்குள் தங்கி அலைந்து படம் எடுக்கத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி தேவைப்படும். பிறகு கிராம உத்தியோகத்தருக்கு ஒரு வார்த்தை. அதன் பிறகே கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். ஒரு சங்கத்துத் தலைவரோடு மட்டும் சுற்றினால் மறுநாளே நீங்கள் அந்தச் சங்கத்து ஆளாகிவிடுவீர்கள். மற்ற வீடுகளில் மரியாதையாகத் தேத்தண்ணி கிடைக்கும், பேச்சுக் கிடைக்காது. முதல் வாரத்துக்குள் எல்லாத் தலைவர்மாரையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளிவாசலில் நம்பிக்கையாளர் சபையிடமும், தேவாலயத்தில் பங்குத் தந்தையிடமும் அல்லது போதகரிடமும், விகாரையில் தலைமைத் தேரரிடமும் அனுமதி கேளுங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் வணக்கத்தலத்தின் வாசலையும் பக்கக் கதவையும் படம் எடுப்பதை மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. கட்டட வரைபடம் கையால் வரைவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரையுங்கள்.

எப்போது போவது

கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணைப் பேச்சில் பிடித்து வைக்காதீர்கள். நிறை குறைந்தால் அவருக்கு அன்று அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். மாலை நிறுவை முடிந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்த பிறகு ஏழு மணிக்கு மேல் இஸ்தோப்பில் (லயத்து முன் திண்ணையில்) உட்காரும்போது பேச்சு தானாக வரும். வெளியூர் மாணவர் அந்த நேரத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். ஆகவே தங்குமிடம் முதலில் ஒழுங்காக வேண்டும். பாடசாலை ஆசிரியர் வீடோ தேவாலய விடுதியோ நல்லது. கமிட்டித் தலைவர் வீட்டில் தங்கினால் அவருடைய கண்ணால்தான் ஊரைப் பார்ப்பீர்கள்.

ஞாயிறும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினமும் வீட்டில் ஆள் இருக்கும் நாட்கள். சம்பள நாளன்று யாரையும் உட்கார வைக்க முடியாது. ஆனால் கோயில் வரி, சீட்டு, சபைக் காணிக்கை எல்லாம் கைமாறுவது அன்றுதான், ஆதலால் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் பல சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னரான வாரங்களில் வரும். காமன் கூத்து மாசியில். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் மாசி மகத்தில். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடியும். அந்த மாதங்களில் நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்துக் கடைகளும் வண்டிகளும் வீடுகளும் யாத்திரையைச் சுற்றியே இயங்கும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை. கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் ஆண்டு முடிவில்தான் கனமழை.

திருவிழாவுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் சாதாரண வெள்ளிக்கிழமைப் பூசை குறைந்தது நான்கு பார்த்திருக்க வேண்டும். நான்கு வெள்ளி பார்த்தவருக்குத் திருவிழாவில் யார் புதிதாக முன்னால் வந்து நிற்கிறார், வழக்கமாக வரும் யார் பின்னால் ஒதுங்குகிறார் என்பது தெரியும்.

உள்ளே நுழையும்போது

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விளி உண்டு. தோட்டத்துப் பூசாரியைச் சாமி என்றோ ஐயா என்றோ அழைக்கலாம்; குருக்களை ஐயா என்பார்கள். கத்தோலிக்கக் குருவை ஃபாதர், கன்னியரை சிஸ்டர், சபைத் தலைவரை பாஸ்டர், பள்ளியில் மௌலவி, விகாரையில் ஹாமுதுருவனே. லயத்தில் பாட்டி, தாத்தா, அக்கா, அண்ணே. “மேடம்” என்று யாரையும் அழைக்காதீர்கள். உடனே அரசாங்க ஆளாகத் தெரிவீர்கள், நிவாரணப் பட்டியலா என்ற கேள்வி வரும்.

விகாரையில் தோளும் முழங்காலும் மூடிய உடை, முடிந்தால் வெள்ளை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது கடுமையான அவமதிப்பு. பிக்குவைவிடத் தாழ்ந்த இருக்கையில் அமருங்கள். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்திய பரபரப்பில் கேள்வி கேட்காமல் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு போங்கள். பெண் ஆய்வாளர், மத்ரஸா ஆசிரியைகள் வழியாகப் பெண்களைச் சந்திப்பது எளிது. மவ்லூது ஓதல், கந்தூரி விருந்து, தரீக்கா என்னும் சூஃபி வழி பற்றி ஒரே ஜமாஅத்துக்குள் இரண்டு கருத்து இருக்கும். எது சரி என்று உங்களிடமே கேட்பார்கள். “நான் எழுதிக்கொள்ள வந்தவன், தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை” என்ற பதில் உண்மையும்கூட. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்காதீர்கள். பெந்தகொஸ்தே சபையில் உங்களுக்காக ஜெபிக்கக் கேட்டால் தலைகுனிந்து ஏற்றுக்கொள்ளலாம். சாட்சி சொல்ல அழைத்தால் மறுத்துவிடுங்கள். வீட்டிலேயே கூடும் சிறு சபைகள் அயலாரின் எதிர்ப்பைச் சந்தித்த அனுபவம் உள்ளவை. அவற்றின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிக்கவே வேண்டாம்.

கோயிலில் சாமி வந்து ஆடுபவரைக் கைபேசியால் படம் பிடிப்பது, ஊரே கைபேசி உயர்த்தினாலும், உங்களுக்குத் தகாது. அவருடைய சம்மதம் அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைக்க வழியில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வீட்டில் பாருங்கள். “உண்மையில் சாமி வந்ததா” என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடியும். “முதன்முதல் எந்த வயதில் வந்தது, அன்றைக்கு உடன் இருந்தது யார், அடுத்த நாள் உடம்பு எப்படி இருக்கும்” என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

கேட்கும் முறை

நம்பிக்கையை நேரடியாகக் கேட்டால் புத்தகப் பதில்தான் வரும். “மாரியம்மனை ஏன் வணங்குகிறீர்கள்?” என்றால் “அம்மன்தானே எல்லாம்” என்பார்கள், அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது. பொருளைக் காட்டிக் கேளுங்கள். கோயில் மணியில் பொறித்த பெயர் யாருடையது? இந்தச் சூலம் எங்கே அடித்தது? வீட்டுச் சாமி மாடத்தில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா எப்போது வந்தார், யார் கொண்டுவந்தது? காப்புக் கட்டியவருக்கு இந்த வருடம் சோறு சமைத்தது யார்?

கணக்குப் புத்தகத்தைக் கமிட்டி காட்டினால் அது பெரிய கொடை. சில தோட்டங்களில் கோயில் வரி சம்பளத்திலேயே கழிக்கப்பட்டு அலுவலகம் வழியாக வரும், சில இடங்களில் வீடு வீடாக. இரண்டும் எப்போது மாறியது என்று பாருங்கள். மேளம், தப்பு (பறை), குருக்கள் தட்சணை, ஒலிபெருக்கி, சோடனை, அன்னதானம் என்ற ஆறு தலைப்பில் பத்து வருடத்துச் செலவை ஒரு தாளில் எழுதினால், அந்தக் கோயில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை எந்தப் பேட்டியும் தராத தெளிவோடு அது காட்டும். தப்படிப்போருக்கான செலவு ஒரு வருடம் திடீரென்று காணாமற்போயிருந்தால் அந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் படம் எடுக்காமல் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்தவர் பெயர்களை விட்டுவிடுங்கள்.

சாதியைப் பற்றிய கேள்வி முதல் மாதத்தில் வேண்டாம். கேட்காமலே தெரியவரும்: யார் தப்பு அடிக்கிறார், யாருக்கு முதல் திருநீறு, கரகம் எந்த லயத்து வாசலில் நிற்கிறது, எந்த லயத்தைத் தாண்டிப் போகிறது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இன்னாரின் சாதி இது என்று ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னதைப் பெயரோடு குறிப்பேட்டில்கூட வைக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு மலையகத்தில் இலக்கமாக வராது. “சிறிமா காலத்துல”, “பஞ்சத்துக்கு முந்தி”, “தாத்தா பாஸ்போட்டு வந்து இந்தியா போன வருசம்” என்று வரும். ஆகவே ஒரு காலக்கோட்டை மடித்துப் பையில் வைத்திருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் (பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் உடன்பட்டது), 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தம், எழுபதுகளின் நடுப்பகுதிப் பஞ்சம், 1977, 1983 கலவரங்கள், 1992இல் கம்பெனிகள் நிர்வாகத்தை எடுத்தது, 2014 ஒக்டோபர் மீரியபெத்தை மண்சரிவு. “கோயிலுக்கு ஷீட் போட்டது கம்பெனி வருமுன்னா பிறகா?” என்று கேட்டால் எழுபது வயதுப் பாட்டி ஒரு நொடியில் பதில் சொல்வார். 1992 என்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம்: தோட்டக் காணி அரசுடையது, கம்பெனிகளிடம் இருப்பது குத்தகை. கோயிலைப் பெருப்பிக்கவும் மதில் கட்டவும் யாரிடம் கேட்டார்கள் என்ற கேள்வி எப்போதும் நல்ல கதையைத் திறக்கும்.

பேட்டி ஒன்று 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தேவைப்பட்டால் இரண்டாம் முறை போங்கள். ஓர் இளநிலை ஆய்வேட்டுக்கு 12 முதல் 15 பேர் போதும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். காசு கொடுக்க வேண்டாம். பிஸ்கட், பழம், கூத்து வாத்தியாரானால் வெற்றிலை பாக்கு கொண்டுபோவது ஊர் வழக்கம்.

பதிவும் குறிப்பும்

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிப்பதிவு முழுக்க இரைச்சல்தான். மழை தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்குங்கள். கைபேசியை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். முதல் அரை நிமிடத்தைப் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். சம்மதத்தைக் கையொப்பமாக வாங்கப் பலர் அஞ்சுவார்கள். கடதாசியில் கையெழுத்து வைத்து நாட்டை விட்டே போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே எடுத்தால் போதும் என்று மேற்பார்வையாளரிடம் முன்பே பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரானால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். பதினைந்து பேட்டி என்றால் கிட்டத்தட்ட இரண்டு வார முழுநேர வேலை. கடைசி மாதத்துக்கு இதைத் தள்ளி வைத்தவர்கள் பாதியை எழுதாமலே ஆய்வேட்டைக் கொடுக்கிறார்கள். பேச்சை அப்படியே எழுதுங்கள். “பெரட்டுக்களத்துல”, “காம்பரா” என்பதை “அணிவகுப்பு மைதானத்தில்”, “அறை” என்று திருத்தினால் சாட்சியே மாறிவிடும்.

குறிப்பேட்டுக்குப் பென்சில்தான் சரி. ஈரத்தில் மை பரவிவிடும். புத்தகத்தை பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுத வேண்டும். எப்படி என்பதற்கு ஒரு மாதிரி. “பூசை பக்திப் பரவசமாக நடந்தது, பெருந்திரளானோர் கலந்துகொண்டனர்” என்ற குறிப்பால் பயனில்லை. “6.40 விளக்கு. பெண்கள் 11, ஆண்கள் 3, பிள்ளைகள் 9. இருவர் கொழுந்துக் கூடையோடு நேரே வந்து படியில் இறக்கினர். பூசாரி இல்லை, அவர் மகன் தீபம் காட்டினான், மந்திரம் சொல்லவில்லை, மணி மட்டும். திருநீறு முதலில் படிக்கு இடப்பக்கம் நின்றவர்களுக்கு. 6.55 முடிந்தது. பின் அரை மணி பேச்சு, லயத்துத் தண்ணீர்க் குழாய் பற்றி.” இந்தக் குறிப்பில் ஐந்து கேள்வி இருக்கிறது. பக்கத்தின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டு, உங்கள் ஊகத்தை அங்கே மட்டும் எழுதுங்கள்.

இடப்பெயரை எழுதும்போது கவனம். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். இரண்டையும் குறிக்காவிட்டால் பழைய ஆவணத்தோடு பொருத்த முடியாது. தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், கும்பாபிஷேக மலர்கள், அடிக்கல் எழுத்துகள், பழைய நோட்டீஸ்கள் நல்ல ஆதாரம். மலையகம் பற்றிய பல மலர்களை ‘நூலகம்’ என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். கிறிஸ்தவத்தை எழுதுபவர் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனை (தோட்டத் தமிழரிடையே நடந்த அங்கிலிக்கன் சமயப்பணியை) அறிந்துகொண்டு போகட்டும். பழைய அங்கிலிக்கன் பதிவேடுகள் ஏன் அந்த வடிவில் இருக்கின்றன என்பது விளங்கும்.

பெயரை மறைத்தல், திருப்பிக் கொடுத்தல்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் சமய நம்பிக்கையைச் சிறப்புக் கவனம் வேண்டிய தரவாகக் கொள்கிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. “டிவிசனின் ஒரே பெண் பூசாரி” என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரியும். தோட்டத்தின் பெயரையும் மாற்றுங்கள், வயதைப் பத்தாண்டு வரம்பில் சொல்லுங்கள், தேவையானால் ஒருவரின் விவரத்தை இருவராகப் பிரித்து எழுதுங்கள். உண்மைப் பெயர்ப் பட்டியல் ஒரு தாளில், குறிப்பேட்டிலிருந்து வேறிடத்தில் இருக்க வேண்டும். கிடா வெட்டு, குறி சொல்லல் போன்றவற்றை வெளியாரும் அதிகாரிகளும் எதிர்க்கும் இடங்களில், எங்கே எப்போது நடக்கும் என்ற விவரத்தை அச்சில் சேர்க்காதீர்கள்.

ஆய்வேட்டைக் கையளிக்கும் முன் ஒருமுறை திரும்பிப் போய், அவரவர் சொன்ன பகுதியை அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்து வாசிக்கப் பழகாத பாட்டிமார் காதால் கேட்டுப் பிழை திருத்துவதில் மிகக் கூர்மையானவர்கள்; முறை தெரியாமல் நீங்கள் எழுதிய உறவுப் பெயர்கள் அங்கேதான் சரியாகும். எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள். முடிந்த பிரதியில் ஒன்று கோயில் அல்லது சபைக் கமிட்டிக்கு, ஒன்று தோட்டப் பாடசாலை நூலகத்துக்கு. படங்களைக் கைபேசியில் அனுப்பினாலும் கடதாசியில் அச்சிட்டும் கொடுங்கள். பின்பக்கத்தில் திகதியையும் படத்தில் இருப்பவர் பெயர்களையும் பென்சிலால் எழுதி, ஈரம் ஏறாத உறையில் போட்டு, படத்தில் இருப்பவரின் கையிலேயே கொடுங்கள். கமிட்டியிடம் மொத்தமாகக் கொடுத்தால் லயம் வரை வந்து சேராது.